அத்தையைத் தாண்டிய நாள்

அத்தியாயம் 14

போன வாரம் இளவேனிலை அடுக்களை வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். சொல்ல வேண்டியதைத் தொண்டை வரைக்கும் கொண்டு வந்து, மாமியார் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டு நின்றாள் பாவம். நமக்குத்தான் அது ஒரு வாரம். அவளுக்கு இடையில் போனது ஒரு தூக்கம் மட்டும்தான், அதுவும் அரைத் தூக்கம்.

விடிந்துவிட்டது. சனிக்கிழமை. கெடு முடிகிற நாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். கோட்டுச்சேரி தாண்டியிருக்கும் டைல்ஸ் கம்பெனியில் தரம் பிரிக்கிற பிரிவுக்கு இளவேனில் சூப்பர்வைசர். வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம், பதவி கிடைத்து மூன்று மாதம். அவளுக்குக் கீழே பதினாலு பெண்கள். எல்லோரும் வரிச்சிக்குடி, விழிதியூர் பக்கம் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள். சூளையிலிருந்து வரும் டைல்ஸைப் பார்த்து, நல்லது எது, இரண்டாம் தரம் எது, விரிசல் எது என்று பிரித்துப் பெட்டியில் போட வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூற்றைம்பது பெட்டி கேட்கிறது கம்பெனி. ஐந்நூற்று இருபதைத் தாண்டியதே இல்லை இவர்கள்.

இந்தச் சனிக்கிழமைக்குள் ஒரு நாளாவது அறுநூற்றைம்பதைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் பிரிவு முத்தையன் என்கிற கான்ட்ராக்டர் கைக்குப் போய்விடும். அவர் தன் ஆட்களோடு வந்து இறங்குவார். பதினாலு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், கூடவே சூப்பர்வைசரும்.

அந்தப் பதினாலு பேரில் முதல் மேசையில் உட்கார்ந்திருப்பவள்தான் ராஜம். இளவேனிலின் மாமியார்.

இந்த உறவு கம்பெனிக்குள் படுத்திய பாட்டை முன்பே எழுதியிருக்கிறேன். வீட்டில் "இளவேனி, இளவேனி" என்று வாய் ஓயாமல் கூப்பிடும் ராஜம், கம்பெனி கேட்டைத் தாண்டியதும் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். மற்றவர்களெல்லாம் "சூப்பர்வைசரம்மா" என்பார்கள். ராஜத்துக்கு அது வாயில் வராது. "இந்தா" என்பாள். அதுவும் அவசரத்துக்குத்தான்.

இளவேனில் கண்டுபிடித்தது என்ன, ஏன் அதைச் சொல்ல முடியவில்லை என்பதற்கு வருவோம்.

மூன்று மாதமாக அவள் செய்யாத வித்தை இல்லை. சென்னையிலிருந்து வந்த அதிகாரி விஷ்ணுப்ரியா ஒரு போர்டு மாட்டிவிட்டுப் போனாள். யார் வேகமாகச் செய்கிறார்களோ அவர்கள் போட்டோ அதில் ஏறும், "மாதத்தின் நட்சத்திரம்" என்று. முதல் மாதம் சந்திரலேகாவின் போட்டோ ஏறியது. இருபத்து நாலு வயசு, மின்னல் கை. அன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கண்பட்டுவிட்டது என்று அவள் அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டாள். மூன்று நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்த சந்திரலேகா, பதினாலு பேரில் கடைசி ஆளாக ஆமை வேகத்தில் வேலை செய்தாள்.

ஊக்கப்படுத்தப் போய் இருந்த கையையும் முடக்கிய கதை இது.

அதற்கப்புறம்தான் இளவேனில் போர்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தாள். வியாழக்கிழமை ஒரு மூலையில் நின்று வெறுமனே பார்த்தாள். ராஜம் ஒரு பெட்டி முடித்துத் தள்ளுவாள். அடுத்து இரண்டாம் மேசை தள்ளும். பிறகு மூன்றாவது. சந்திரலேகா எப்போதோ முடித்துவிட்டுக் கடைசி டைல்ஸைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள், தன் முறை வரும் வரைக்கும்.

வயலில் வரிசையாக நின்று நடும்போது மூத்தவளைத் தாண்டி எவளும் போக மாட்டாள். தாண்டினால் அது அவளை அவமானப்படுத்துவது. முன் ஏர் போன வழியே பின் ஏர். சேற்றை விட்டுச் சிமெண்டுத் தரைக்கு வந்து மூன்று வருஷமாகியும் அந்தப் பழக்கம் கூடவே வந்திருக்கிறது. முதல் மேசை எவ்வளவு போகிறதோ அவ்வளவுதான் பதினாலு மேசையும். முதல் மேசையில் இருப்பது ராஜம். ராஜம் மெதுவான ஆள்.

அத்தை, நீங்கள் முதல் மேசையை விட்டு எழுந்திருக்க வேண்டும். இதுதான் சொல்ல வேண்டிய வாக்கியம். எட்டு வார்த்தைகூட இல்லை. எந்த மருமகளாவது சொல்லிவிட முடியுமா, சொல்லுங்கள் பார்ப்போம்.

காலையில் இட்லியைத் தட்டில் வைக்கும்போது சொல்லலாம் என்று வாயெடுத்தாள். ராஜம், "இன்னைக்கு எப்படியும் முடிச்சிருவோம், கவலப்படாத" என்றாள். வாய் மூடிக்கொண்டது.

இளவேனிலின் கணவன் நவநீதன் சீக்கிரமே குளித்து, சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு நின்றான். ஏழு மாதமாக வேலையில்லாத மனிதன் சனிக்கிழமை காலையில் தேய்த்த சட்டை போட்டால் கேட்கத்தானே தோன்றும். காரைக்காலில் ஒரு ஆளைப் பார்க்கணும் என்றான். பிறகு மனைவியின் கையைத் தொட்டு, "இன்னைக்கு என்ன ஆனாலும் மனச விட்டுறாத. திங்கக்கிழமைலேருந்து நமக்கு நல்ல காலம்" என்றான்.

வேலை போகப் போகிற மனைவிக்கு ஆறுதல் சொல்கிறான் என்று நினைத்து அவள் கண் கலங்கியது. இவனுக்காகவாவது ஜெயிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். வழக்கம்போல ராஜம் முதலில் ஏற, மற்றவர்கள் வயசுப்படி பின்னால் ஏறினார்கள்.

ஏழரை மணிக்கு மேசைகள் ஓட ஆரம்பித்தன. ஒன்பதரை மணிக்கு எண்ணிப் பார்த்தால் நூற்று இருபது பெட்டி. இப்படியே போனால் நாலு மணிக்கு ஐந்நூறுகூடத் தேறாது.

இளவேனிலுக்கு அப்போது பயம் போய்விட்டது. வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன. நேராக முதல் மேசைக்குப் போனாள். பதினாலு பேரும் கேட்க, "அத்தை, நீங்க இந்த மேசைய விட்டுக் கடைசி மேசைக்கு வாங்க. சந்திரலேகா முதல் மேசைக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னது சரி. சொன்ன இடம் தப்பு. வீட்டில் தனியாகச் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு ஊர் முன்னால் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? சந்திரலேகா எழுந்திருக்கவே இல்லை. பதினாலு ஜோடிக் கைகளும் நின்றுபோயின. ராஜம் கையிலிருந்த டைல்ஸை மெதுவாக மேசைமேல் வைத்தாள். எழுந்தாள். கொல்லைப்பக்கம் கைகழுவும் குழாயடிக்குப் போய்விட்டாள்.

இளவேனில் ஓடினாள், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு.

ராஜம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரா கண்ணீரா என்று தெரியாமலிருக்கத்தான் கழுவுகிறாள் என்பது இளவேனிலுக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்டாள். ராஜம் திரும்பவில்லை.

"நான் மெதுவாத்தான் பாக்குறேன்" என்றாள் ராஜம், குழாயைப் பார்த்தபடி. "கண்ணு முன்ன மாதிரி தெரியல. முடி கனத்துக்குக் கோடு ஓடியிருந்தா எனக்குத் தெரியாது. அதான் ஒவ்வொன்னையும் தட்டிப் பாத்துட்டு வைக்கிறேன். இத யார்ட்டயும் சொல்லல. சொன்னா அனுப்பிருவாங்க. இப்ப நீயே அனுப்பு."

"நீங்க தட்டுறது எனக்குத் தெரியும் அத்தை."

ராஜம் திரும்பினாள்.

இளவேனில் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். கடைகளிலிருந்து விரிசல் என்று திரும்பி வந்த டைல்ஸின் கணக்கு அது. ஒவ்வொரு பெட்டியிலும் பிரித்தவரின் மேசை எண் குத்தியிருக்கும். ஏழாம் மேசை, மூன்றாம் மேசை, பன்னிரண்டு, மறுபடியும் ஏழு. மூன்று வருஷத்துப் பக்கங்களையும் முந்தாநாள் உட்கார்ந்து புரட்டியிருந்தாள்.

"ஒன்னாம் நம்பர் எங்கயாவது இருக்கான்னு பாருங்க. இல்ல. மூணு வருஷத்துல உங்க கையிலேருந்து போன ஒரு டைல்ஸ்கூடத் திரும்பி வரல. கண்ணு நல்லா இருக்கற பதிமூணு பேரால முடியாதத உங்க காது செஞ்சிருக்கு."

ராஜம் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களைப் பார்த்தாள். எழுத்து அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. ஆனாலும் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள்.

"இத யாரும் எங்கிட்ட சொல்லலையே" என்றாள்.

உண்மைதான். மெதுவான ஆள் என்று மூன்று வருஷமாக எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். நீ தப்பே விட்டதில்லை என்று ஒருத்தரும் சொன்னதில்லை. எனக்கே எழுதும்போது கோபம் வருகிறது. ஒருத்தியின் குறையை எண்ண நமக்கு நேரம் இருக்கிறது, நிறையை எண்ணத்தான் நேரமே கிடைப்பதில்லை.

இளவேனில் மளமளவென்று சொன்னாள். பதினாலு பேருக்கும் நேரம் போவது சந்தேகத்தில்தான். இது விரிசலா, வெறும் பூச்சுக் கோடா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில்தான். இனிமேல் யாரும் யோசிக்க வேண்டாம். மேசைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் போடுவோம். சந்தேகம் வந்ததைக் கடைசி மேசைக்குத் தள்ளட்டும். அங்கே அத்தை தட்டிப் பார்த்து முடிவு சொல்லட்டும். தனித்தனியாக எண்ண வேண்டாம், மொத்த வரிசைக்கும் ஒரே எண்ணிக்கை போதும். ஆனால் நான் சொன்னால் சந்திரலேகா அந்த நாற்காலியில் உட்கார மாட்டாள். நீங்கள் சொல்ல வேண்டும்.

ராஜம் உள்ளே நடந்தாள். சந்திரலேகா பக்கத்தில் போய் நின்றாள்.

"எழுந்திரு. போய் முதல் மேசையில உக்காரு. எவ்வளவு வேகமா முடியுமோ போ. என்னைப் பாக்காத, நான் பின்னால இருக்கேன், தப்பு வந்தா புடிச்சிக்கிறேன்." பிறகு பிரிவே கேட்கும்படி, "சூப்பர்வைசர் சொல்லியாச்சி. மேசையத் தள்ளுங்க" என்றாள்.

மூன்று மாதத்தில் முதல் முறையாக அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. இளவேனில் கேட்காதது மாதிரி குனிந்து ஒரு மேசையைப் பிடித்துத் தள்ளினாள். கண்ணை மறைத்துக்கொள்ள அவளுக்கும் ஒரு வழி வேண்டாமா?

மேசைகள் ஒட்டிக்கொண்டபோது மணி பத்து. முதல் அரை மணி நேரம் ஒரே குழப்பம். பழைய பழக்கத்தில் சந்திரலேகா நாலு தரம் நிமிர்ந்து ராஜத்தைப் பார்த்தாள். நாலு தரமும் ராஜம் கையை வீசி, "போ, போ" என்றாள். அதற்கப்புறம் அவள் நிமிரவில்லை. கட்டவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடியது அந்தக் கை. அவள் ஓடவும் அடுத்தவள் ஓடினாள். ஏழாம் மேசை தேங்கியபோது, யாரும் சொல்லாமலே எட்டாம் மேசை கை நீட்டி நாலு டைல்ஸை இழுத்துக்கொண்டது. வயலில் பக்கத்தில் இருப்பவள் பின்தங்கினால் அவள் பங்கையும் சேர்த்து நடுவார்கள் அல்லவா, அதுவேதான். மேசைகள் தனித்தனியாக இருந்த மூன்று வருஷமும் அதற்கு வழி இல்லாமல் போயிருந்தது.

கடைசி மேசையில் ராஜம். சந்தையில் பானை வாங்குகிறவள் மாதிரி இடது கையில் டைல்ஸைத் தூக்கி, வலது கை விரல் கணுவால் ஒரு தட்டு. கணீரென்றால் பெட்டி. தொப்பென்றால் உடைசல் தொட்டி. யோசனையே கிடையாது.

சாப்பாட்டு மணி அடித்தபோது முந்நூற்று முப்பது.

சாப்பாட்டு நேரத்தில் சந்திரலேகா தன் தூக்கை எடுத்துக்கொண்டு போய் ராஜத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராஜம் தன் மீன் குழம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். அது போதும். மற்றவர்களும் வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அரை மணி நேர இடைவேளையில் பத்து நிமிஷம் மிச்சம் வைத்து எழுந்து போனார்கள். இளவேனில் யாரையும் எழுப்பவில்லை.

மூன்று மணிக்கு ஐந்நூற்று நாற்பது. மூன்றரைக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மூன்றே முக்காலுக்கு மேனேஜர் பிராங்க்ளின் வந்து கதவோரம் நின்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்திருக்கும்.

நாலு மணிச் சங்கு ஊதியபோது அறுநூற்று ஐம்பத்து மூன்று.

அவசரப்பட்டுக் கைதட்டிவிடாதீர்கள். வேகமாகப் போனால் தரம் போயிருக்கும் என்று பிராங்க்ளின் சந்தேகப்பட்டார். சந்தேகப்படத்தானே அவருக்குச் சம்பளம். பத்துப் பெட்டியைத் தானே பொறுக்கித் திறந்து பார்ப்பேன், ஒன்றில் விரிசல் இருந்தாலும் இன்றைய எண்ணிக்கை செல்லாது என்றார்.

எட்டுப் பெட்டி சுத்தம். ஒன்பதாவது பெட்டியிலிருந்து ஒரு டைல்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்திலிருந்து நடுவரைக்கும் மெல்லிய கோடு. இளவேனிலுக்குக்கூட அது கண்ணுக்குத் தெரிந்தது.

"இது விரிசல்ங்க" என்றார்.

பதிமூன்று முகமும் விழுந்துவிட்டன. ராஜம் மட்டும் முன்னால் வந்து கையை நீட்டினாள். டைல்ஸை வாங்கிக் காதோரம் வைத்துத் தட்டினாள்.

"விரிசல் இல்லைங்க. மேல்பூச்சுல ஓடுன கோடு. உள்ள கல்லு முழுசா இருக்கு."

"கண்ணுக்குத் தெரியுதேம்மா."

"கண்ண நம்பாதீங்க சார். மை தடவிப் பாருங்க."

நீல மை வந்தது. விரிசல் இருந்தால் மை உள்ளே இறங்கி நிற்கும், துடைத்தாலும் போகாது. பிராங்க்ளினே தடவினார். ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் இளவேனில் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள், திருநள்ளாறு சனீஸ்வரனை இரண்டு தரம். சனிக்கிழமை அல்லவா.

பிராங்க்ளின் துணியால் துடைத்தார். டைல்ஸ் பளிச்சென்று வந்தது. நீலத்தின் சுவடுகூட இல்லை.

அவர் அந்த டைல்ஸைத் தன் கையால் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். பத்தாவது பெட்டியைத் திறக்கவே இல்லை. "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டார். மூன்று வருஷம் வேலை பார்த்தவளிடம்.

"ராஜம்" என்றாள் அவள். சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்தே நின்றாள்.

அதற்கப்புறம் அந்தப் பிரிவில் எழுந்த சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. கோட்டுச்சேரிக்கே கேட்டிருக்கும். போர்டில் யார் போட்டோ போடலாம் என்று பிராங்க்ளின் கேட்க, போட்டால் பதினாலு பேரையும் ஒரே படத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் போர்டைக் கழற்றுங்கள் என்றாள் சந்திரலேகா. கடைசி மேசைக்கு ராஜத்தோடு இன்னும் இரண்டு பேரைப் பழக்க வேண்டும், ராஜத்துக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று இளவேனில் கேட்டாள். இரண்டுக்கும் சரி என்றார்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவர் இளவேனிலைத் தனியாகக் கூப்பிட்டு, மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்தார். திங்கட்கிழமை வருவதற்காக முத்தையன் கொடுத்திருந்த ஆள் பட்டியல்.

"இனிமே இதுக்கு வேலை இல்ல. கிழிக்கற சந்தோஷம் உங்களுக்கே இருக்கட்டும்."

அவர் அதைப் படித்திருக்க மாட்டார். படித்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார். பஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று, கிழிப்பதற்கு முன்னால் எதற்கோ ஒரு முறை பிரித்தாள் இளவேனில். முதல் வரியில் சூப்பர்வைசர் என்று எழுதி, அதற்கு நேரே ஒரு பெயர்.

நவநீதன், த/பெ தெட்சிணாமூர்த்தி, வரிச்சிக்குடி.

திங்கக்கிழமைலேருந்து நமக்கு நல்ல காலம். காலையில் கேட்ட குரல் மறுபடி காதில் விழுந்தது. தட்டிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பஸ்ஸில் பாட்டும் சிரிப்புமாக இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாமா என்று இளவேனில் கேட்டதற்கு, வேண்டாம், நேரில் போய்ச் சொல்லி அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் ராஜம். அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் மருமகள் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வருவதைக் கவனிக்கவில்லை.

வரிச்சிக்குடி நிறுத்தம் வந்தது. ராஜம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அங்க பாரு, சுவீட் பெட்டியோட நிக்கிறான். யாரு சொன்னா இவனுக்கு?" என்றாள்.

யாரும் சொல்லவில்லை. வேலை நேரம் முழுக்கப் பதினைந்து பேரின் போனும் அலமாரிக்குள் இருந்தது. அந்தப் பெட்டி வேறு ஏதோ செய்திக்காக வாங்கப்பட்டது.

தேய்த்த சட்டை கசங்காமல் நின்றான் நவநீதன். முகமெல்லாம் சிரிப்பு.

எப்போதும் முதலில் இறங்குகிற ராஜம் எழுந்து, படிக்கட்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் பதிமூன்று பேரும் நின்றார்கள்.

"சூப்பர்வைசரம்மா" என்றாள் ராஜம், வாய் நிறைய. "இன்னைக்கு நீ முன்னால இறங்கு."

இளவேனில் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தாள்.